ட்ராக் ஸ்டார் 400: மாத்திப் பூட்டின பின் சில்லுக் கியர்ப் பெட்டி, கை வைக்க ஏலாத சூடு

கல்லடி_400 (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மண்டை காயுது, ஆராவது வழி சொல்லுங்க.

வண்டி யமஹா ட்ராக் ஸ்டார் 400, 98 ஆம் ஆண்டு. செயின் இல்ல, சாப்டில (சுத்துற இரும்புத் தண்டு) ஓடுறது. சாப்ட் சுத்துறதைச் சில்லுக்குக் குடுக்கிற கியர்ப் பெட்டி பின் சில்லோட இருக்கு. போன மாரியில வவுணதீவுப் பக்கம் ரோட்டுக்கு மேலால தண்ணி பாயக்க, சில்லு அச்சு மட்டத்துக்கு இறக்கி எடுத்தன். நல்லா ஓடிச் சூடாயிருந்த வண்டி. அந்த நேரம் ஒண்டும் தெரியல்ல. தைப்பொங்கல் முடிய பின் பக்கத்தால ஒரு இரைச்சல் துவங்கிச்சு, மறுகா ஒயில் கசிவு. ஒயிலை இறக்கிப் பாத்தா தேத்தண்ணிக் கடையில ஊத்துற பால் தேத்தண்ணி நிறம். கழட்டினா பல்லெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி.

2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு இந்த வண்டிக்குச் சாமான் எண்டா பொன் விலை. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் நாலைஞ்சு கடை ஏறி இறங்கி, 42,000 ரூபாவுக்கு ஒரு முழுப் பெட்டி எடுத்தன். கறுப்பு பெயின்ற் அடிச்சு மினுமினுப்பா இருந்திச்சு. கையால அங்கால இங்கால திருப்பிப் பாத்தன், ஒரு நூல் ஆட்டம் இல்ல. "பாத்தீங்களா, புதுசு மாதிரி" எண்டு சொன்னாங்க. நானும் சந்தோசமா பஸ்ஸில மடியில வச்சுக் கொண்டுவந்தன்.

ஊட்டு முத்தத்தில நானே பூட்டினன். ஞாயிறு காலமை கல்முனைக்கு வெளிக்கிட்டன். களுவாஞ்சிகுடி தாண்ட எரிஞ்ச வெங்காயம் மாதிரி ஒரு மணம். நிப்பாட்டிப் பெட்டியில விரல் வச்சன், தோல் போச்சு. போத்தல் தண்ணியைத் தெளிச்சா தோசைக்கல்லில விழுந்த மாதிரி "சுர்ர்". ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, 30 இல உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன்.

இது வழமையான சூடா, இல்ல பெட்டி போச்சா?


திருக்கோவில்_தம்பி

மச்சான், முதல்ல பின் பிரேக்கைப் பார். எங்கட பக்கம் பத்துக்கு எட்டுப் பேருக்குப் பிரேக் சூ இழுபடுறதுதான் பிரச்சினை. சில்லுக் கழட்டிப் பூட்டினா கம்பியை இறுக்கமா விட்டிருவாங்க. நட்டை ரெண்டு சுத்துத் தளத்திப் பார்.


ரைன்கரை (ஜெர்மனி)

பிறந்த இடம் ஆரையம்பதி, இப்ப இங்க. எங்கிட்ட இருக்கிறது பி.எம்.டபிள்யூ ஆர் 80, அதுவும் சாப்ட். அதில பிரேக் சூவே பின் கியர் பெட்டியின்ர கூட்டிலதான் பூட்டியிருக்கும். பிரேக் கொஞ்சம் இழுபட்டாலும் சூடு முழுக்கப் பெட்டிக்குத்தான் போகும். நானும் ஒருக்கா பெட்டியைச் சந்தேகப்பட்டு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு, கடைசியில பாத்தா பிரேக் கைப்பிடி அச்சு துருப்பிடிச்சுத் திரும்பாமக் கிடந்திச்சு.

ஆனா தம்பிட வண்டியில அமைப்பு வேற. பெட்டி இடப்பக்கம், பிரேக் ட்ரம் வலப்பக்கம். அதால சுலபமாக் கண்டுபிடிக்கலாம். ஓடிட்டு வந்து ரெண்டு பக்கத்தையும் தொட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் கூடச் சூடு?


கல்லடி_400

பாத்தன் அண்ணே. வலப்பக்கம் ட்ரம்மில கையை வச்சுக்கொண்டே இருக்கலாம், வெயிலில கிடந்த இரும்பு மாதிரித்தான். இடப்பக்கம் பெட்டிக்குக் கிட்டக் கை கொண்டுபோகவே அனல் அடிக்கிது. பிரேக் இல்ல.

சரியான சூடு எவ்வளவு எண்டு பாக்க, கொரோனா நேரம் அம்மா வாங்கின, நெத்தியில காய்ச்சல் பாக்கிற துவக்கைப் பிடிச்சன். "ஹை" எண்டு மட்டும் காட்டுது.


வாழைச்சேனை_சவாரி

வண்டிக்குக் காய்ச்சல் எண்டு பனடோல் குடுத்தியா?

பகிடிக்குச் சொன்னன். அந்தத் துவக்கு மனிசர்ர காய்ச்சலுக்குச் செய்தது, 42, 43 டிகிரிக்கு மேல அதுக்குக் கணக்குத் தெரியா. ஏசி, பிரிட்ஜ் திருத்துறாக்கள்ட்ட வேற துவக்கு இருக்கும், 300 மட்டும் காட்டும். அதை வாங்கிப் பிடி. பிடிக்கக்குள்ள வெறும் அலுமினியத்தில பிடிக்காத. மினுங்குற உலோகத்தில அது குறைச்சுக் காட்டும். கறுப்பு வயர் டேப் ஒரு துண்டு ஒட்டிட்டு, அந்த டேப்பில பிடி.

எங்கிட்டயும் இதே வண்டிதான், 2000 ஆம் ஆண்டு. நாளைக்கு மட்டக்களப்புக்கு வாறன், வந்த கையோட என்ர பெட்டிச் சூட்டையும் அளந்து போடுறன். ஒப்பிட்டுப் பாக்கலாம்.


கல்முனை_கராச்_காக்கா

தம்பி, நான் 30 வருசத்துக்கு மேல ஸ்பனர் பிடிச்ச ஆள். இப்ப கண் கொஞ்சம் மங்கல், கை நடுக்கமில்ல அல்ஹம்துலில்லாஹ். உங்கட கதையில எனக்கு நாலு இடம் முள்ளுக் குத்துது.

முதல்ல ஒரு ஏச்சு. சூட்டுப் பெட்டிக்குத் தண்ணி தெளிக்கிற வேலையை இனிச் செய்யாதீங்க. மாரியில உங்கட பழைய பெட்டியைக் கொண்டதே அதுதான். உள்ளுக்குள்ள காத்துச் சூடாகி விரிஞ்சு நிக்கும். திடீரெண்டு குளிர்ந்த தண்ணி பட்டா அது சுருங்கும். சுருங்கக்குள்ள சீல் விளிம்பால வெளித் தண்ணியை உறிஞ்சி எடுக்கும், ஊசியில மருந்து இழுக்கிற மாதிரி. வெள்ளத்தில இறங்கத்தான் வேணுமெண்டா கரையில பத்து நிமிசம் ஆறவிட்டு இறங்கணும். இறங்கின கிழமையே ஒயிலை மாத்திறணும்.

இப்ப கேள்வி. என்ன ஒயில் ஊத்தின? எவ்வளவு ஊத்தின? எப்ப ஊத்தின, பூட்ட முதலா பூட்டின பிறகா? சில்லின்ர அச்சுக் கம்பியை எப்பிடி ஏத்தின?

வெக்கப்படாம உள்ளதைச் சொல்லணும். டாக்குத்தர்ட்டயும் மெக்கானிக்கிட்டயும் பொய் சொல்லப்படா.


கல்லடி_400

உள்ளதைச் சொல்லுறன் காக்கா, அடிக்க வராதீங்க.

அப்பாட உழவு மெசினுக்கு வாங்கின 140 ஒயில் ஊட்ட இருந்திச்சு. கியர் ஒயில்தானே எண்டு அதை ஊத்தினன். அளக்கல்ல. பெட்டியைப் பலகையில சரிச்சு வச்சு, ஓட்டையால வழிய வாற மட்டும் ஊத்தி மூடியை இறுக்கினன். மறுகாதான் வண்டியில பூட்டினன்.

முதல்ல பெட்டியை நாலு நட்டையும் போட்டு, பின் சில்லைத் தாங்குற இரும்புக் கை இருக்கே, அந்தப் பின் கையோட இறுக்கினன். மறுகா சில்லை வச்சு அச்சுக் கம்பியை விட்டன். முக்கால் வாசி போய் நிண்டிட்டு. மரக்கட்டை வச்சுச் சுத்தியலால தட்டித்தான் ஏத்தினன்.


கல்முனை_கராச்_காக்கா

சுபஹானல்லாஹ். நாலு கேள்விக்கும் நாலு பிழை.

ஒயில். இந்தப் பெட்டிக்கு 190 மில்லி, அவ்வளவுதான். ஒரு தேத்தண்ணிக் கிளாசுக்குக் கொஞ்சம் கூட. அதுவும் 80 அல்லது 80 டபிள்யூ 90 தடிப்பு, ஹைபொயிட் கியர் ஒயில், ஜீ.எல் 4 தரம். 140 எண்டது உழவு மெசினுக்குச் சரி, அது ஆமை வேகத்தில சுத்துற கியர். உங்கட பெட்டியில பல்லு அந்தத் தடிப்பு ஒயிலை உழக்கவே கனக்கப் பலம் போயிரும். அந்தப் பலம் எங்க போகும்? சூடாத்தான் போகும். பாணிக்கஞ்சியைக் கிண்டினா கை நோகுமே, அதே கதை.

அளவு கூடினாலும் அதுதான். பெரிய கியரின்ர அடிப்பல்லு ஒயிலில நனைஞ்சு மேல கொண்டுபோனாப் போதும். கழுத்து மட்டும் நிரப்பினா நுரைக்கும், சூடாகும், அமுக்கத்தில சீலைத் தள்ளும். மட்டம் பாக்கிறதெண்டா வண்டியில பூட்டின பிறகு, வண்டியை நேர நிமித்தி வச்சுத்தான் பாக்கணும். சரிச்சு வச்சுப் பாத்த மட்டம் மட்டமில்ல.

இப்ப அச்சுக் கம்பி. இதுதான் கனபேர் விடுற பிழை. பெட்டிக்குப் பின் கையில ஒரு இருக்கை, அச்சுக் கம்பியில இன்னொரு இருக்கை. ரெண்டும் ஒரே நேர்கோட்டில வரணும். நாலு நட்டையும் முதல்ல இறுக்கினா, பெட்டி தனக்கு வசதியான கோணத்தில குந்திரும். மறுகா அச்சுக் கம்பி அதை வலுக்கட்டாயமா இழுத்து வளைக்கும். பேரிங்குக்கு ஒரு பக்கத்தால சுமை, சாப்ட் பல்லுக்கு ஒரு பக்கத்தால சுமை. கம்பி போகாம நிண்டது, "நான் நேரா இல்ல" எண்டு பெட்டி சொன்ன பேச்சு. நீங்க சுத்தியலால வாயைப் பொத்திட்டீங்க.

செய்ய வேண்டியது: நாலு நட்டையும் கையால மட்டும் ஓட்டி விடுங்க, பெட்டி கொஞ்சம் ஆடுற மாதிரி. சில்லை வச்சு, அச்சுக் கம்பியை ரெண்டு விரலால தள்ளுங்க. போகணும். போகாட்டிப் பெட்டியை மெல்ல அசைச்சுக் கொடுங்க. கம்பி ஏறி நேர்கோடு வந்த பிறகு நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா இறுக்குங்க. சாப்ட் நுனிப் பல்லுக்கும் சில்லுப் பக்கத்துப் பல்லுக்கும் கறுப்பு மொலி கிரீஸ் மெல்லிசாப் பூசுங்க, அப்பி வைக்கப்படா.

ஒயிலை இறக்கக்குள்ள ஒரு அளவுக் கோப்பையில இறக்கி எவ்வளவு எண்டு சொல்லுங்க. அடியில காந்தம் விட்டுப் பாருங்க.


கல்லடி_400

இறக்கினது 270 மில்லி! காந்தத்தில வெள்ளிப் பசை மாதிரி நல்ல தடிப்பா ஒட்டிச்சு. துண்டு ஒண்டும் இல்ல. ஒயில் கறுத்து எரிஞ்ச மணம்.

காக்கா சொன்ன மாதிரி எல்லாம் கழட்டிப் பூட்டினன். நட்டுகளை விட்டுப் பிடிச்சா அச்சுக் கம்பி வெண்ணெய்க்குள்ள கத்தி போன மாதிரிப் போச்சு. சிரிப்பும் வந்திச்சு, கோவமும் வந்திச்சு. புது 80 டபிள்யூ 90, ஊசியால அளந்து 190.

பின்னேரம் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன். பக்கத்து ஏசி அண்ணர்ர துவக்கைப் பிடிச்சன். பெயின்ற் சுரண்டின வெறும் உலோகத்தில 54. டேப்பில 96. ஒரே இடம்! வாழைச்சேனை அண்ணன் சொல்லாட்டி 54 ஐப் பாத்திட்டு நிம்மதியாப் படுத்திருப்பன்.

தண்ணி இப்ப சுர்ரெண்டல்ல (ஈர விரலாலதான் தொட்டன் காக்கா, ஊத்தல்ல). அப்ப கொஞ்சம் குறைஞ்சிரிக்கி. ஆனா 96 சரியா?


வாழைச்சேனை_சவாரி

சரியில்ல. நான் இண்டைக்கு வந்தாறுமூலை, செங்கலடி வழியா டவுனுக்கு வந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில நிப்பாட்டி அளந்தன். டேப்பில 63. நல்ல உச்சி வெயில், வேகம் 60, 70. உன்ர பெட்டி இன்னும் எங்கயோ உரசுது.


ஒலுவில்_ரைடர்

நான் நினைக்கிறன் இது ஓடி ஓடிப் படிஞ்சிரும். புது இடத்தில பூட்டின பெட்டி, பல்லுக்குப் பல்லு பழகணும். 500 கிலோமீட்டர் மெதுவா ஓடு, சூடு தானா இறங்கும். எல்லாத்துக்கும் கழட்டிக்கொண்டு இருக்காத.


கல்முனை_கராச்_காக்கா

ஒலுவில் தம்பி கோவிக்கப்படா, அது புதுப் பல்லுக்குச் சரி. இது ஜப்பானில வேற ஒரு வண்டியில ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிப் பழகின பல்லு. சோடி மாறாம, இருந்த இடம் மாறாம இருந்தா இப்ப ஏன் திரும்பப் பழகணும்? பழகுது எண்டா என்ன கருத்து? ஆரோ உள்ளுக்குக் கை வச்சிரிக்கான்.

கல்லடித் தம்பி, பெட்டியை ஆறவிட்டுச் சில்லைத் தூக்கி, நியூட்ரலில ஒரு விரலால சுத்திப் பாருங்க. முழுச் சுத்தும் ஒரே மாதிரி வருதா, ஒரு இடத்தில கடிக்கிதா?


கல்லடி_400

ஒரு சுத்துக்கு ஒருக்கா கடிக்கிது. மெல்லிசாத்தான். கண்ணை மூடிக்கொண்டு சுத்தினா விளங்குது, கண்ணைத் திறந்தா விளங்கல்ல. பைத்தியக் கதை மாதிரி இருக்கும், ஆனா உண்மை.


லேத்துக்கடை (மட்டக்களப்பு டவுன்)

ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருக்கன், இப்பதான் எழுத நேரம் கிடைச்சது. எல்லாரும் ஒயிலையும் நட்டையும் கதைக்கிறீங்க. முதல் பதிவில தம்பி எழுதின ஒரு வசனத்தை ஒருத்தரும் பிடிக்கல்ல: "ஒரு நூல் ஆட்டம் இல்ல."

தம்பி அதைப் பெருமையா எழுதியிருக்கார். எனக்கு வாசிக்கக்குள்ளயே வயித்தைக் கலக்கிச்சு. கியர் பல்லுக்கு இடையில ஆட்டம் இருக்கத்தான் வேணும். இந்தப் பெட்டிக்குப் பத்தில ஒரு மில்லிமீட்டரில இருந்து பத்தில ரெண்டு மட்டும். கையில பிடிச்சுத் திருப்பினா "டிக், டிக்" எண்டு சின்னதா ஒரு தட்டுக் கேக்கணும். அந்த இடைவெளிக்குள்ளதான் ஒயில் படலம் நிக்கும். இடைவெளி இல்லாட்டி ஒரு பல்லு ரெண்டு பல்லுக்கு நடுவில ஆப்பு அடிச்ச மாதிரி இறுகும். முன் முகமும் உரசும், பின் முகமும் உரசும். ஒயில் ஊத்தி என்ன, நெய் ஊத்தி என்ன.

20 வருசத்துப் பழைய பெட்டியில ஒரு ஆட்டமும் இல்ல எண்டா எனக்கு ஒரு காரணம்தான் தோணுது. உள்ளுக்கு ஷிம் வளையம் இருக்கும், பெரிய கியரைச் சின்னக் கியருக்குக் கிட்டத் தள்ளுறது. தேஞ்ச பெட்டி ஆடும், ஆடினா வாங்க வாறவன் விட்டிட்டுப் போவான். அதால ஒரு வளையத்தைக் கூடப் போட்டு ஆட்டத்தை மறைச்சிருக்காங்க. கையில பிடிச்சா புதுசு, ரோட்டில விட்டா அடுப்பு.


திருக்கோவில்_தம்பி

லேத் அண்ணே, ஒரு சந்தேகம். கூடு அலுமினியம், பல்லு இரும்பு. சூடானா அலுமினியம் இரும்பை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும் எண்டு ஏ.எல்.லில படிச்சன். அப்ப ஓட ஓட இடைவெளி கூடத்தானே வேணும்? குளிரில இறுக்கமா இருந்தாலும் சூட்டில தளந்திருமே?


லேத்துக்கடை

நல்ல கேள்வி. ரெண்டும் ஒரே சூட்டில இருந்தா நீங்க சொல்றதில ஞாயம் இருக்கு. ஆனா சூடு பிறக்கிற இடம் பல்லு. கூடு வெளியில காத்துப் பட்டு ஆறிக்கொண்டு போகும். துவக்கில 96 எண்டது கூட்டின்ர வெளித் தோல். உள்ளுக்குப் பல்லு முகத்தில அதை விட நல்லாக் கூட. சூடான பல்லு விரியும், விரிஞ்சா இன்னும் இறுகும், இறுகினா இன்னும் சூடு. கூடு விரிஞ்சு இடம் குடுக்கிறதுக்குள்ள ஒயில் எரிஞ்சிரும்.

தம்பி, பெட்டியைக் கொண்டாங்க. பழைய பெட்டியையும் கொண்டாங்க, எறிஞ்சிருக்க மாட்டீங்க எண்டு நம்புறன். அதுக்குள்ள இருக்கிற வளையம் தேவைப்படும்.


கல்முனை_கராச்_காக்கா

சரியாப் பிடிச்சீங்க. நான் ஒயிலையும் அச்சையும் பாத்துக்கொண்டு இதைக் கவனிக்காம விட்டிட்டன். வயசு.

ஒரு எச்சரிக்கை மட்டும். மூடிப் பக்கத்தைத் திறந்து பெரிய கியரை எடுக்கிறதோட நிப்பாட்டுங்க. சாப்ட் பக்கத்துச் சின்னக் கியரைத் தொட வேணாம். அதைப் பிடிச்சு வச்சிரிக்கிற பெரிய வளைய நட்டு இடக்கைப் புரி. வழமையாத் திருப்புற பக்கம் திருப்பினா அது இன்னும் இறுகும். உளி வச்சு அடிச்சுக் கூட்டைப் பிளந்த ஆக்களை நான் கண்டிரிக்கன், பேர் சொல்ல மாட்டன். ரெண்டு பெட்டியின்ர பல்லையும் கலக்கவும் வேணாம். பெரியதும் சின்னதும் சோடியாப் பிறந்தது.


கல்லடி_400

திறந்தாச்சு. மூச்சு வாங்குது, ஒண்டொண்டாச் சொல்லுறன்.

மூடியைச் சுத்தி இருந்த போல்ட் தலையெல்லாம் பெயின்றுக்குக் கீழ ஸ்பனர் கடிச்ச தடம். முன்னமே திறந்த பெட்டிதான். பெரிய கியரை வெளியில எடுத்து, லேத் அண்ணன் துணியால துடைச்சிட்டு நகத்தால கீறிப் பாத்தார். ஒண்டு எண்டு நினைச்ச வளையம் ரெண்டாப் பிரிஞ்சுது! ஒண்டு கம்பெனி வளையம், விளிம்பு நல்ல உருண்டை. மற்றது ஆரோ தகரத்தில வெட்டினது, உள் விளிம்பில கத்தரி நெளிஞ்ச தடம் கண்ணால தெரியுது. ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு. அதுதான் ஒரு சுத்துக்கு ஒருக்கா கடிச்சிருக்கு. என்ர விரல் பொய் சொல்லல்ல.

பல்லின்ர ரெண்டு முகத்திலயும் மினுங்கல். லேத் அண்ணன் சொன்னார், முன்னுக்கு ஓடுற வண்டியில ஒரு முகம்தான் நல்லா மினுங்கணும், மற்றது மங்கலா இருக்கணும், ரெண்டும் மினுங்கினா ஆப்பு எண்டு. பெரிய பேரிங் ஒரு இடத்தில வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்திச்சு, அதை மாத்தச் சொல்லிட்டார்.


லேத்துக்கடை

மிச்சத்தை நான் சொல்லுறன், பிறகு தேடுறாக்களுக்கு உதவும்.

தகரத்தை எறிஞ்சிட்டுக் கம்பெனி வளையத்தை மட்டும் போட்டு மூடி, டயல் கேஜ் (ஆட்டம் அளக்கிற கருவி) வச்சு அளந்தன். 0.27 மில்லிமீட்டர். கொஞ்சம் கூட. மறைச்சதுக்குக் காரணம் விளங்குதா? இவ்வளவுதான் தேய்மானம். நேர்மையாச் சொல்லி வித்திருந்தாலும் தம்பி வாங்கியிருப்பார்.

வளையம் தடிச்சா ஆட்டம் குறையும், மெலிஞ்சாக் கூடும். பழைய பெட்டியில இருந்த வளையம் இதை விட ஒரு பிடி தடிப்பு. மைக்ரோமீட்டரால நாலு இடத்தில அளந்தன், எல்லா இடமும் ஒண்டு. அதைப் போட்டு மூடினன். ஒரு இடத்தில மட்டும் அளந்து விடப்படா, கால் சுத்துக் கால் சுத்தாத் திருப்பி நாலு இடத்தில பாக்கணும். 0.16, 0.17, 0.17, 0.16.

மறுகா பல்லு எங்க முட்டுது எண்டு பாக்கணும். அதுக்கு நீல மை இருக்கு, எங்கிட்ட முடிஞ்சு போச்சு. தம்பி தங்கச்சிக்குப் போன் எடுத்து ஒரு சிவப்பு லிப்ஸ்டிக் கொண்டுவரச் சொன்னார். மூணு பல்லில மெல்லிசாப் பூசிச் சுத்தினா, முட்டின இடம் மட்டும் துடைபட்டு வெள்ளையா வரும். பல்லின்ர நடுவில, முட்டை வடிவத்தில ஒரு தடம். நுனியிலயும் இல்ல, அடியிலயும் இல்ல. அது கிடைச்ச பிறகுதான் புதுப் பேரிங்கையும் சீலையும் போட்டு முடிச்சன். லிப்ஸ்டிக்கைப் பெற்றோலால கழுவ மறக்கல்ல.


வாழைச்சேனை_சவாரி

தங்கச்சி லிப்ஸ்டிக்கைத் திருப்பிக் கேக்கல்லயா?


கல்லடி_400

கேட்டா. புதுசு வாங்கிக் குடுத்தன். இந்த வேலை முழுக்க எனக்கு அதுதான் ஆகக் கூடின அநியாய விலை.

ஞாயிறு திரும்பவும் அதே ரோட்டில போனன். காத்தான்குடி, கிரான்குளம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, கல்முனை. களுவாஞ்சிகுடியில நிப்பாட்டி டேப்பில பிடிச்சன், 59. கல்முனையில காக்காட கராச் வாசலில 65. காக்கா துவக்கைப் பாக்கவே இல்ல. புறங்கையைப் பெட்டியில வச்சு அஞ்சு மட்டும் எண்ணிட்டு, "சரி, தேத்தண்ணி குடிப்பம்" எண்டார். தேத்தண்ணியோட ஒரு தட்டு தொதலும் வந்திச்சு.

கடைக்காரருக்கும் போன் எடுத்தன். தாங்கள் திறக்கவே இல்லயாம், ஜப்பானில இருந்து வந்தபடி வித்ததாம். தகரத்தின்ர படத்தை அனுப்பினன். நீல ரெண்டு கோடு விழுந்திச்சு, பதில் இல்ல.


ஒலுவில்_ரைடர்

500 கிலோமீட்டர் ஓடச் சொன்ன என்ர பேச்சைக் கேக்காதது நல்லது. ஒரு கேள்வி: பழைய பெட்டி வாங்கப் போறவன் கடையில நிண்டு என்னத்தைப் பாக்க? டயல் கேஜைச் சாரத்தில முடிஞ்சுகொண்டு போக ஏலாதே.


கல்முனை_கராச்_காக்கா

கையும் காதும் போதும் தம்பி. சாப்ட் நுழையிற பல்லைப் பிடிச்சு, மற்றப் பக்கத்தை ஒருத்தரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, அங்கால இங்கால ஆட்டுங்க. மெல்லிசா "டிக்" எண்டு ஒரு தட்டு வரணும். "டொக்" எண்டு வந்தாத் தேஞ்சது. ஒண்டுமே வராட்டிச் சந்தேகப்படுங்க. மறுகா முழுச் சுத்து மெதுவாச் சுத்துங்க, கடிக்கிற இடம் இருக்கப்படா. புதுப் பெயின்ற் அடிச்ச பெட்டியைக் கண்டா போல்ட் தலையைச் சுரண்டிப் பாருங்க. ஒயில் மூடியைக் கழட்டி விரலை விட்டு மணந்து பாருங்க. எரிஞ்ச மணமும் பால் நிறமும் பெயின்றால மறைக்க ஏலாது.

ஒயில் மூடியைத் திறக்க விடாத கடையில வாங்கவே வேணாம்.

கல்லடித் தம்பி, 300 ஓடினதும் ஒருக்கா ஒயிலை இறக்குங்க. திரும்ப 190. காந்தத்தில மெல்லிசா சாம்பல் பூசின மாதிரி இருந்தாக் கவலைப்படாதீங்க, ஊசி மாதிரித் துண்டு வந்தா உடனே நிப்பாட்டுங்க.


கல்லடி_400

310 இல இறக்கினன் காக்கா. ஒயில் தேன் நிறத்திலயே இருக்கு. காந்தத்தில சாம்பல் மட்டும், விரலால தடவினா வழுவழுப்பு, ஒண்டும் குத்தல்ல. லேத் அண்ணனுக்கும் காட்டினன், தலையை ஆட்டினார்.

இப்ப ஊட்ட ஒரு பிரச்சினைதான் மிச்சம். வயல் வேலை துவங்குது, 140 ஒயில் கேனில பாதி எங்க போச்சு எண்டு அப்பா தேடிக்கொண்டு திரியிறார்.